இரண்டு கைகளையும் கேட்கும் வண்டி

நெய்வேலியில் வளர்ந்த எனக்குக் கார் என்றால் வெள்ளை அம்பாசிடர்தான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிள் நின்றது. பள்ளிக்குப் போகிற வழியில், அதிகாரிகள் வீட்டு மரநிழலில் அந்தக் கார் நின்றிருக்கும். கூட வருகிற பிள்ளைகள் பின்சீட்டின் வெள்ளை உறையைப் பார்ப்பார்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்ப்பேன்.

கல்யாணத்துக்கு முன்பே மந்தாரக்குப்பத்தில் சின்னக் கார் ஒன்றில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு ஓட்டுவதற்குக் கார் அமையவில்லை. கணவருக்கும் நெய்வேலியிலேயே வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. கணவர், நான், மூன்று வயது மகள், எல்லோருக்குமாக ஒரு ஸ்கூட்டர்.

இந்த வருடம் பலாப்பழம் வாங்கப் பஸ்ஸில் பண்ருட்டிக்குப் போனபோது, முந்திரி வியாபாரம் செய்யும் என் கணவரின் பெரியப்பா கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை அம்பாசிடர்.

"டாக்டரு இனிமே ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடறவன் ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கான். வெளியாளுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா நீ எடுத்துக்கினு போயேன் மருமவளே. வூட்டுக்கு ஓட்டிப் பாரு. புடிச்சா உன்னுது. புடிக்கலன்னா நாளைக்குக் கொண்டாந்து வுடு."

"எனக்குக் குடுக்கணும்னு தோணலையா பெரியப்பா?" என்றார் கணவர்.

"உனக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதேடா."

சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு நான் முதலில் பார்த்தது பின்சீட்டைத்தான். "பெல்ட் இல்லையா மாமா?"

"பெல்ட்டா? இதுல பத்து பேரு ஏறிக்கினு போயிருக்கோம். ஒருத்தனும் வுழல. வுழறதுக்கு எடம் இருந்தாத்தானே."

கணவரை மகளோடு பின்னால் உட்கார வைத்தேன். அவளை இடுப்போடு பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கிளம்புவதற்குள் இன்னொரு தடவையும் சொன்னேன்.

எத்தனையோ வருடம் மனசுக்குள் ஓட்டிய கார் அது. அங்கே அது ஒரு விரலுக்குத் திரும்பியது. இங்கே தெருமுனையில் திருப்ப, சீட்டிலிருந்து லேசாக எழுந்து உடம்பையே கொடுத்து ஸ்டியரிங்கை இழுக்க வேண்டியிருந்தது. கிளட்ச்சை மிதிக்கத் தொடை வலித்தது. கியர் கீழே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கம்பியாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரைத் தேடி நான் துழாவும்போதெல்லாம் வண்டி கனைத்தது. பிரேக்கை மிதித்தால் உடனே நிற்கவில்லை. நிற்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. அந்த விஷயத்தில் அது என்னைப் போலத்தான்.

ஊரைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே சாலை நேரானதும் எல்லாம் மாறியது. கடைசி கியர் விழுந்தது. எதிரே உருண்டையான பானெட், பக்கத்து முக்கோணக் கண்ணாடி வழியாக முகத்தில் காற்று, பள்ளத்தில் இறங்கினாலும் மெத்தையில் இறங்குவது போல ஓர் அசைவு. எனக்குச் சிரிப்பு வந்தது. பின்புறம் காட்டும் கண்ணாடியில் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மேடம், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றார்.

முத்தாண்டிக்குப்பம் அருகே, முன்னால் போன மினி பஸ் கைகாட்டிய ஒருவருக்காகச் சட்டென்று நின்றது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால், ஒரு ஆள் நடந்து போகும் இடைவெளியில் கார் நின்றது. திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் மகள் இல்லை. வழவழப்பான ரெக்சினில் அப்பாவின் பிடியிலிருந்து நழுவி, கீழே கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னொரு வாட்டி."

அவளுக்கு ஒன்றும் இல்லை. கணவர் அவளைத் தூக்கி மடியில் வைக்கும்வரை நான் வண்டியை நகர்த்தவில்லை. அதன் பிறகு வீடுவரை சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன். அதுவும் தப்பு என்று தெரிந்தே.

"திருப்பிக் குடுத்துடலாங்க," என்றேன், குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தியதும்.

"ஏன்? ஆசையா ஓட்டுனியே."

"பின்னாடி பெல்ட் இல்ல."

"தினமும் ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுத்தான அவள பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போற? அதுல எங்க பெல்ட் இருக்கு?"

உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். சமையல் முடியும்வரை அதையே யோசித்தேன். அவர் சொன்னது நியாயம். ஸ்கூட்டர்தான் அதிக ஆபத்து. கணக்குப் போட்டால் அம்பாசிடரை வைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் ஸ்கூட்டரில் அவள் என் இரண்டு கைகளுக்கும் நடுவே நிற்கிறாள். அவள் அசைந்தால் எனக்குத் தெரியும். இந்தக் கார் என் இரண்டு கைகளையும் கேட்கிறது, கண்ணையும் கேட்கிறது. அவளோ என் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறாள். இது சரியான காரணமா, வெறும் பயமா? இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மறுநாள் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போனேன். பின்னால் யாரும் இல்லாததால் கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கியர் தேடாமலே கிடைத்தது. பிரேக்குக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கப் பழகியிருந்தேன். தோப்புகள் முடிகிற இடத்தில், இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

"என்ன மருமவளே, புடிக்கலியா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு மாமா. பாப்பா கொஞ்சம் வளரட்டும்."

"அது வளர்றதுக்குள்ள இது துருப்புடிச்சிப் பூடுமே," என்றார். கோபமில்லை. சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். "அப்ப இதையாவது எடுத்துக்கினு போ."

பஸ்ஸில் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் மகளைத் தூக்கி ஸ்கூட்டரில் நிற்க வைத்தபோது இரண்டு தோளும் விண்ணென்று வலித்தன. ஸ்டியரிங்கை இழுத்த வலி.

"வெள்ளைக் கார் எங்கம்மா?"

"பண்ருட்டித் தாத்தா வூட்டுக்குப் போயிடுச்சு. கம்பியப் புடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொண்டாள். வழக்கத்தைவிட மெதுவாகவே ஓட்டினேன்.