மேல அனுப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் தேதி, நேரம், சாட்சி மூன்றையும் கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். இப்போது நீங்கள் என்னைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி, சாட்சி என் மனைவி. டைரியில் இருக்கிறது.

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் பழைய படங்களுக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறேன். அதில் ஒரு ஷிப்ட் ஆட்களின் குழுப் படம். பதினெட்டு பேர், நடுவில் மேனேஜரின் நாய். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு வயதாயிருக்கும்போது சுரங்கத்தில் இறந்துபோன அவர் அப்பாவும் அதில் இருக்கிறார். அவருக்கு வேறு படமே கிடையாது. எது அவர் முகம் என்றும் தெரியாது. படத்தின் பின்னால் பெயர்கள் உண்டு, வரிசைப்படி இல்லை. அப்படி எழுதியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

யாராவது பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று படத்தின் கீழே வாட்ஸ்அப் பொத்தான் சேர்த்து, 'பகிர்' என்று போட்டேன். மனைவி சிரித்தாள்.

"பகிர்னா இங்க யாருக்குங்க புரியும்? மேல அனுப்புன்னு போடுங்க."

சுரங்கத்துக்குள் கேஜில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், ஆள் ஏறியதும் கீழே இருப்பவர்கள் சொன்ன வார்த்தை அது. எங்கள் வீட்டில் தபாலைக்கூட அப்படித்தான் சொல்வோம். போட்டேன்.

சோதனைக்கு ஸ்டெல்லா அக்காவுக்கு அனுப்பினேன். இணைப்போடு வரும் சின்னப் படம் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். மூன்று முறை அனுப்பியும் நாய்தான் போனது.

"இன்னா தம்பி, எங்கப்பாவ கேட்டா நாய அனுப்பிக்கினு கீற?" என்று போனில் கத்தினார்.

இரண்டு மணிக்கு, அந்தக் காலத்தில் ஷிப்ட் மாறும் நேரம், செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். தெரியாத எண்ணிலிருந்து அவர் போனுக்கு அதே இணைப்பு. சின்னப் படத்தில் நாய் இல்லை, வலப்பக்கம் நசுங்கிய தொப்பியோடு ஓர் ஆள்.

"அப்படியே எங்கண்ணன் மூஞ்சி! தாவாக்கட்டைல குழி பாரு. எங்கப்பாதான்பா!" அழுதுகொண்டே திட்டவும் செய்தார். "ஒரு ஸ்தோத்திரம்கூட சொல்லாம அனுப்பிக்கிறான் பாரு."

கீழே இரண்டே வார்த்தை: 'மேல அனுப்பியாச்சு.'

அந்த எண்ணுக்கு நன்றி எழுதினேன். இன்றுவரை ஒரே டிக்.

பிறகு கணினியில் படத்தைப் பெரிதாக்கி, வலப்பக்கம் நசுங்கிய அந்தத் தொப்பியைத் தேடினேன். கடைசி வரிசை, இடது ஓரம். நம்பினால் நம்புங்கள், அவர் திரும்பிக் குனிந்து நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொப்பிக்குக் கீழே காது மட்டும்தான் தெரிகிறது.

அக்கா தன் போனில் வந்ததைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். அதில் நேராகப் பார்க்கிறார். காபிக்குக் கூப்பிட்டால் போகிறேன். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.