மகளுக்குக் கண் பார்த்த நாள்

பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் ஆஸ்பத்திரியில் செய்கிற காது பரிசோதனையில், என் மகளின் இடது காது தேறவில்லை. சிறுநீரைச் சோதித்தார்கள். நான் கர்ப்பமாக இருந்தபோது என்னிடமிருந்து ஒரு வைரஸ் அவளுக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஞாபகம்கூட இல்லை. குழந்தை டாக்டர், "கண்ணையும் பாத்துடணும். இந்த வைரஸ் அங்கயும் போகும்" என்றார். அன்றிலிருந்து காதை மறந்துவிட்டேன்.

கழக்கூட்டத்து வாடகை ஃப்ளாட்டில், ஜன்னலருகே அவளை மடியில் போட்டு ஒரு சிவப்புத் துண்டை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு சமயம் கண்கள் துண்டோடு நகர்வதுபோல் தோன்றும். அடுத்த முறை சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். ஒருநாள் கணவர் துண்டைப் பிடுங்கி வைத்தார்.

"இந்த வயசுல எல்லாப் பிள்ளையளும் இப்படித்தான் பாக்கும். நீ சும்மா இரி."

நான் குளித்துவிட்டு வந்தபோது, அதே துண்டை அவர் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கண் டாக்டரிடம் போன நாளில், பரிசோதனைக்கு முன் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். நர்ஸ் சொட்டுமருந்து விட்டதும் கண்மணிகள் விரிந்து, கண்ணெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. பசியில் அவள் அழத் தொடங்கினாள்.

"ஒராள் உள்ள வந்தா மதி, போதும். தலையை அசையாம பிடிக்கணும்" என்றார் அந்த மலையாளி நர்ஸ்.

கணவர் எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, "எனக்கு முடியாது. நீ போ" என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கம்பியால் இமைகளை விரித்து வைத்தார். அவள் அலறினாள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, நான் டாக்டரின் முகத்தையே பார்த்தேன். இடது கண்ணைச் சீக்கிரம் முடித்துவிட்டார். வலது கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"ஏதாவது இருக்கா, டாக்டர்?"

"ஒரு நிமிஷம்."

விளக்கைக் கழற்றிய பிறகுதான் பேசினார். "வலது கண்ல, விழித்திரையில ஒரு தழும்பு உண்டு. வைரஸ் வந்து ஆறிப்போனதாக்கும். ஓரத்துலதான் இருக்கு. நடுப்பாகம் நல்லா இருக்கு."

"கண் தெரியுமா?"

"இப்ப தெரியும். ஆனா பின்னால மாறலாம். விடாம கொண்டுவரணும், கேட்டோ."

வெளியே வந்து கணவரிடம் அப்படியே சொன்னேன். குழந்தையை வாங்கி, வெளிச்சம் படாமல் முகத்தைத் தன் சட்டையில் சாய்த்துக்கொண்டார்.

"இப்ப தெரியும்னா?" என்று கேட்டார். குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

வைரஸுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தோம். இடது காதுக்குக் கருவி வைத்தாயிற்று. இப்போது அவள் நர்சரிக்குப் போகிறாள், கீழே கிடக்கும் எறும்பைக்கூட முதலில் பார்ப்பது அவள்தான். தழும்பு வளரவில்லை. இருந்தாலும் கண் டாக்டரிடம் போக வேண்டிய வாரம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன முறை டாக்டர் லென்ஸோடு குனிந்ததும், "அம்மா, கைய விடு, வலிக்குது" என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவள் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தேன்.