மாடு மோந்து பார்த்த சுவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். எரியோடு பக்கத்தில் எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் நானே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். செங்கல், சிமென்ட் கிடையாது. வேப்பமரச் சட்டம் நிறுத்தி, நடுவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே மண் பூசுகிற வீடு. என் மனைவிக்கு வீசிங். திண்டுக்கல்லில் நாங்கள் இருந்த வீட்டில் மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஈரம் ஊறும், அவளால் படுக்கவே முடியாது. மண் பூசிய வைக்கோல் சுவர் ஈரத்தைத் தேக்காது என்று கேள்விப்பட்டதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். முப்பது வருடம் அறிவியல் நடத்திய வாத்தியார், கேட்கவா வேண்டும்! "வைக்கப்படப்புலயா குடியிருக்கப் போறீங்க?" என்று கேலி செய்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன்.

வத்தலக்குண்டு பக்கமிருந்து கட்டுகள் லாரியில் வந்து இறங்கிய அன்றே கோடை மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் தார்ப்பாய் போடுவதற்குள் நனைந்துவிட்டன. பிறகு இரண்டு நாள் நல்ல வெயில். தொட்டுப் பார்த்தேன், மொறுமொறுவென்று இருந்தது. ஒரு வாரத்தில் மூன்று பக்கச் சுவரையும் அடுக்கி, மறுநாள் பூச மண்ணும் குழைத்து வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், பக்கத்துக் காட்டில் மாடு மேய்க்கும் ஒரு அம்மா உதிரி வைக்கோல் கேட்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். பேசிக்கொண்டே சுவருக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உள்ள கொதிக்குது சார். நனைஞ்ச வைக்கலு. மாடுகூடத் திங்காது."

"மாட்டுக்கா கட்டுறேன்? சுவர்தானம்மா" என்றேன் எரிச்சலாக.

அவர் வாதாடவில்லை. போய் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். வயிறு ஒட்டிய பசு. ஒரு கட்டை மோந்தது, நகர்ந்தது. அடுத்ததை மோந்து தும்மியது. ஜன்னலோரம் இருந்த ஒரு கட்டில் மட்டும் ஆசையாக ஒரு வாய் இழுத்தது. ஒரு கட்டை அறுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புப் பூசணம், புகை மாதிரி தூசி கிளம்பியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இதைப் பூசி மூடி, அதன் பக்கத்தில்தான் என் மனைவியைப் படுக்க வைத்திருப்பேன்.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருட்டும்வரை என்னோடு நின்று ஒவ்வொரு கட்டாகக் கைவிட்டுப் பார்த்துப் பிரித்துப் போட்டார். பாதிக்கு மேல் சுவருக்கு ஆகாதவை. மறுநாள் தன் அண்ணன் கொட்டகையில் நனையாமல் கிடந்த கட்டுகளைக் காட்டிக்கொடுத்தார். "கையை விட்டுப் பாத்துட்டு ஏத்துங்க சார்" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் போன பிறகு, தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி மெதுவாகச் சொன்னாள். "நாலு நாளா இந்தச் சுவர்கிட்ட வந்தாலே நெஞ்சு கட்டுது. மறைவாப் போய் மருந்து இழுத்துக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"இம்புட்டு ஆசையாக் கட்டுறீங்க. எப்படிச் சொல்ல?"

யாருக்காகக் கட்டினேனோ அவளே வாயைத் திறக்க முடியாதபடி ஆசைப்பட்டிருக்கிறேன். வீடு நல்லபடியாக முடிந்து இப்போது அதில்தான் இருக்கிறோம். ஆனாலும் எந்த வேலைக்கும் அவள் சரி என்று சொன்னால், அவள் மூச்சு எப்படி வருகிறது என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் தொடங்குகிறேன்.