ஆன்டெனாக் குழாயில் ஒரு வில் ஸ்டாண்டு

கல்லூரி இரண்டாம் வருடம். வெளியூரில் நடந்த வில்வித்தைப் போட்டி ஒன்றில் எங்கள் வில்லை ஒருத்தி மிதித்துவிட்டாள். வேண்டுமென்று மிதிக்கவில்லை. எங்கள் கல்லூரிக்கு இருந்தது அந்த ஒரே நல்ல வில். நானும் என் கூட்டாளியும் மாறி மாறி அதில்தான் எய்தோம். அம்பு பிடுங்கி வர இலக்குப் பலகைக்குப் போனபோது அதைப் பையின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் குறி பார்க்கும் கம்பி வளைந்து கிடக்கிறது. அதன் பிறகு நான் விட்ட ஆறு அம்பில் இரண்டு புல்லில் போய்க் குத்தின.

மற்ற ஊர்க்காரர்கள் வில்லை நிறுத்தி வைக்க ஸ்டாண்டு கொண்டுவந்திருந்தார்கள். மிதித்த பெண்ணிடமே அது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது வெளிநாட்டு ஸ்டாண்டு. உங்களுக்கெல்லாம் எதுக்கு?"

அந்த 'உங்களுக்கெல்லாம்' சிவகாசி வரும்வரை பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

அம்மா பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஆலை வேனை விட்டு அவள் இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வாங்க முடியலன்னா செஞ்சுக்க. அவ வச்சிருக்கதும் யாரோ ஒரு ஆளு செஞ்சதுதான?"

முதலில் மரச்சட்டத்தில் செய்தேன். வில்லை நன்றாகத்தான் தாங்கியது. ஆனால் விருதுநகர் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியதும் கண்டக்டர், "என்னம்மா, கட்டிலக் கழட்டிக் கொண்டு வாரியா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. தோளும் கன்றிப்போனது. அன்றைக்கே முடிவு செய்தேன்: மடக்கினால் பைக்குள் போக வேண்டும், தூக்கினால் கனம் தெரியக் கூடாது.

அடுத்தது பட்டாசு ராக்கெட் குச்சிகளைக் கட்டாகச் சேர்த்துக் கட்டியது. வில்லை வைத்துப் பார்க்கப் பயம். விளக்குமாற்றில் கல்லைக் கட்டிச் சாய்த்தேன். பத்து எண்ணுவதற்குள் முறிந்து விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தது. மொட்டை மாடிகளில் பழைய ஆன்டெனாக்கள் சும்மா நின்றன. எங்கள் வீட்டு ஆன்டெனாவைக் கழற்றினேன். உள்ளே காலியாக இருந்த அலுமினியக் குழாய். காக்கா உட்கார்ந்தே பழகிய குழாய், ஒரு வில்லைத் தாங்காதா?

துளை போடத் திருத்தங்கலில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் குழாயையும் என்னையும் பார்த்தார்.

"வில்லுக்கா? என்ன பிள்ள கூத்து இது? பொம்பளப் பிள்ளைக்கு வேற வேல இல்லையா?"

"வேலதாண்ணே பாக்கேன். ட்ரில்ல மட்டும் தாங்க, ஓட்டைய நானே போட்டுக்கிடுதேன்."

வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் கொடுத்தார். முதல் துளை கோணலாகப் போக, வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவது நேராக விழுந்தது. ஐந்தாவது துளைக்கு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று கால்கள், நடுவில் ஒரு போல்ட். ஒவ்வொரு காலும் இரண்டு துண்டு. உள்ளே எலாஸ்டிக் ஓடும். இழுத்தால் மடங்கும், விட்டால் தானே சேரும். வில் உட்காரும் இரண்டு கொக்கிகளுக்கும் சைக்கிள் டியூபைச் சுற்றினேன். ஆடிக் காற்றில் மூன்று தடவை கவிழ்ந்தது. பின்னங்காலை ஒரு சாண் நீட்டி, நடுவில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். பிறகு அசையவில்லை.

அடுத்த போட்டிக்கு அதைக் கொண்டுபோனேன். நடுவர் ஒருவர் வந்து காலால் சுட்டினார். "இதென்ன? எடு. கம்பெனி ஸ்டாண்டு மட்டும்தான் வைக்கணும்."

"எந்த விதியில சார் இருக்கு?"

"என்கிட்டயே சட்டம் பேசுறியா?"

"பேசல சார், கேக்கேன். எழுதியிருந்தாக் காட்டுங்க, இப்பமே எடுத்திர்றேன்."

எங்கள் பயிற்சியாளர் பின்னாலிருந்து, "விட்ரும்மா, வம்பு வேண்டாம்" என்றார். நான் ஸ்டாண்டை எடுக்கவில்லை. நடுவர் போய்த் தலைமை நடுவரைக் கூட்டி வந்தார். அந்தப் பெண்மணி குனிந்து, ஸ்டாண்டின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"அம்பு விடுற கோட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. யாருக்கும் இடைஞ்சல் இல்ல. இருக்கட்டும்." கிளம்பியவர் நின்று கேட்டார்: "எதுல செஞ்சது?"

"டிவி ஆன்டெனாவுல மேடம்."

அன்றைக்கு எனக்குப் பதினோராவது இடம். பதக்கம் இல்லை. ஆனால் ஓர் அம்புகூடப் புல்லுக்குப் போகவில்லை.

மாலையில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவர் வந்தார். "இத எங்கிட்டக் குடுத்துட்டுப் போம்மா. கழட்டிப் பாத்துட்டு அனுப்பி வைக்கிறேன்."

"எத்தன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு தாரேன். கழட்டிப் பாக்கத் தர மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று பயிற்சியாளர் ஊர் வரும்வரை புலம்பினார். எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. படிப்பு முடிவதற்குள், கேட்டு வந்தவர்களுக்கு இன்னும் ஆறு ஸ்டாண்டு செய்தேன். ஆறுக்கும் துளை போட்டது நான்தான்.