ஈக்களுக்குச் சமைத்த வெல்டா

வெல்டா கிரவுஸ் பால்டிமோரில் ஒரு பள்ளி உணவகத்தில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள். பள்ளியை மூடியதும், ஆய்வகமொன்றில் சமையல் வேலை இருக்கிறதென்று கேட்டுப் போனாள். சாப்பிடப்போவது பழ ஈக்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

“விளையாடறீங்களா?” என்றாள்.

“நிஜமாத்தான். இதுங்க மக்ரோனி கேட்டு அழாது,” என்றான் ஆய்வாளன் மாரெக்.

சோளமாவு, கரும்புப்பாகு, ஈஸ்ட், கடற்பாசித் தூள் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுவாள். ஈயின் இதயத்தருகே, நம் சிறுநீரகம் போலவே ரத்தத்தை வடிகட்டும் செல்கள் உண்டென்று மாரெக் சொன்னபோது, “அப்போ என் நாத்தனாரை விட இதுங்க கிட்டத்துச் சொந்தம்,” என்று சிரித்தாள்.

அந்த வருஷம் டெசி என்ற ஆறு வயதுச் சிறுமிக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் வீங்கிக்கொண்டே இருந்தது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய ஒரு சத்தைத் தயாரிக்கும் மரபணு பிறவியிலேயே பழுது என்று மருத்துவருக்குச் சந்தேகம். அவர் கேட்டுக்கொள்ள, மாரெக் அதே பழுதை ஈக்களில் உண்டாக்கினான். மூன்றே வாரத்தில் அவை மல்லாந்து செத்தன. அந்தச் சத்தைக் கஞ்சியில் கலந்து கொடுத்தும் பலனில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

வெல்டா ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் மஞ்சள் மஞ்சளாய்த் திட்டு ஒட்டியிருந்தது. கஞ்சி வெளுத்துக் கிடந்தது.

“யாரு கலந்தது இதை?”

“நான்தான்.”

“கொதிக்கக் கொதிக்க அப்படியே கொட்டினீங்களா? எண்ணெய்ச் சரக்கு ஒதுங்காம என்ன பண்ணும்? உங்க ஈ இதை வாயிலயே வைக்கலை. நகருங்க.”

சத்தை ஈஸ்ட் விழுதில் போட்டு அடித்துக் குழைத்தாள். கஞ்சி சூடு தணிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். நானூறு பிள்ளைகளுக்குக் கட்டி தட்டாமல் குழம்பு வைத்த கை அது.

அதே பழுதுள்ள புது ஈக்களுக்கு அதைக் கொடுத்தார்கள். நாலாவது வாரமும் அவை குழாய்ச் சுவரில் ஏறி ஓடின. மாரெக் எண்ணினான், மறுபடி எண்ணினான். பிறகு வெல்டாவின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நடைவழி முழுக்க ஆடினான்.

“கரண்டியைக் குடுய்யா, அடி பிடிக்குது!” என்று கத்திக்கொண்டே அவளும் ஆடினாள்.

மருத்துவர் அந்தச் சத்தை டெசிக்கும் கொடுக்கத் தொடங்கினார். கோடைக்குள் கால்வீக்கம் வற்றி, அவள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். நுண்ணோக்கியில் ஒரு ஈயைப் பார்த்து, “ஐயோ, கண்ணு சிவப்பா இருக்கு! இதுக்குப் பேரு என்ன?” என்றாள்.

“நீயே வையேன்டா கண்ணு,” என்றாள் வெல்டா.

மாலைக்குள் அறுபத்தேழு ஈக்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டெசி.