மச்சாள் மறைக்காத கடன்

மூடிய கதவுக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த நான் திடுக்கிட்டுப் போனேன். பாதுகாப்பு அனுமதிக்கான விசாரணை நடக்கிற அறையில் யாராவது சிரிப்பார்களா? உள்ளே இருந்தவர் என் அண்ணையின் மனைவி. நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளை ஸ்கேன் மெஷினில் பார்த்து அனுப்பும் வேலைக்கு அவர் தெரிவாகியிருந்தார். சோதனையில் நல்ல புள்ளி எடுத்தாயிற்று. மிஞ்சியிருந்தது இந்த விசாரணை ஒன்றுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்ததும் அதற்குத்தான்.

காரணம், மச்சாளுக்குக் கடன் இருந்தது. சண்டிலிப்பாயில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கவென்று பெண்கள் குழுவில் சேர்ந்து கடன் எடுத்தார். கோழிகள் முட்டையிடத் தொடங்கிய கையோடு ஏதோ நோய் வந்து அவ்வளவும் செத்துப்போயின. அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். அண்ணையின் ஓட்டோவுக்கு மாதாமாதம் கட்டுகிற லீசிங் காசு வேறு. கடன் அறவிட வருகிற பெடியன் படலையடியில் நின்று மணியடித்தால் மற்ற வீடுகளில் ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள். மச்சாள் மட்டும் கதிரை தூக்கிப் போட்டு, "இரு தம்பி, இந்தக் கிழமை பாதிதான் தருவன், ஆனால் தேத்தண்ணி முழுசாய்த் தருவன்" என்பார். அவனும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

விசாரணைக்கு முதல்நாள் அண்ணை புத்தி சொன்னார். "கடன்காரருக்கு உந்த வேலை குடுக்கமாட்டினமாம். கேட்டால் ஒண்டும் இல்லையெண்டு சொல்லிவிடு."

"அவை கேட்டால் சொல்லத்தான் வேணும். பொய்யைச் சொல்லிப்போட்டு, பிறகு அதையும் எல்லே காவிக்கொண்டு திரியவேணும்."

"வேலை கிடைக்காட்டில்?"

"கோழி செத்தபோது நாங்களும் சேர்ந்து செத்தனாங்களே?" என்று கேட்டுவிட்டு மச்சாள் கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டார். எனக்கென்றால் பயம் போகவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீடு இருந்தது.

கதவு திறந்து மச்சாள் வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் ஈரமும் இருந்தது. நேரே போய் அண்ணையின் ஓட்டோவில் ஏறினார். அண்ணை எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் வந்தார். கீரிமலை வந்ததும் மச்சாள், "இஞ்சாருங்கோ, ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார். காற்று அவரது சேலைத் தலைப்பைப் பிடுங்கி எடுத்துவிடுவதுபோல அடித்தது. அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்ததைச் சொன்னார்.

தமிழ் நன்றாகக் கதைக்கிற ஒரு அதிகாரி, கடன் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். "ஓம் சேர், இருக்கு. பெரிசிலையிருந்து தொடங்கவோ, சின்னனிலையிருந்து தொடங்கவோ?" என்று மச்சாள் கேட்க, அந்த அறையே சிரித்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அந்த அதிகாரி மெதுவாகக் கேட்டாராம், வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று.

"இருந்தது," என்றார் மச்சாள், அண்ணையைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு. "என்ரை தாலிக்கொடி ஒரு வட்டிக்காரரிட்டை அடைவிலை கிடக்குது. நான் போட்டிருக்கிறது கவரிங். அதையும் சொல்லிப்போட்டன். அதுக்கு அவர், கடன்படுறது குற்றமில்லையம்மா, மறைச்ச கடனைக் காட்டித்தான் ஒருத்தன் உங்களை வெருட்டுவான், இண்டைக்கே போய் வீட்டிலை சொல்லுங்கோ எண்டார். இப்ப உங்களுக்கும் சொல்லிப்போட்டன்."

அண்ணை மச்சாளின் கழுத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர், "பொன் எங்கையேனும் கழுத்தைக் கறுப்பாக்குமே? எனக்கு அப்பவே தெரியும். நீயாய்ச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்" என்றார். மச்சாள் அவர் தோளில் ஒரு அடி போட்டார். எவ்வளவு நாளாக அந்தப் பாரத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார் என்பது, அந்த அடியின் வேகத்தில்தான் எனக்கு விளங்கியது.

பிறகு அதிகாரிகள் ஊர் அலுவலரான விதானையாரிடமும் அயல் சனத்திடமும் விசாரித்தார்கள். சம்பளத்தில் எந்தக் கடனை எப்படிக் கட்டப்போகிறார் என்று இன்னொரு தரம் கூப்பிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது.

வேலையில் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம், கொடியை அடைவு பிடித்த வட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மச்சாள் தேத்தண்ணி கொடுத்து உட்கார்த்தினார். வட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, என்ரை ஆள் ஒருதன் உன்ரை மெஷினுக்குப் பெட்டியோடை வருவான். நீ கண்டும் காணாதமாதிரி விட்டுவிடு. வட்டியை நான் மறந்துபோறன்."

"விடாட்டில்?"

"கொடி என்னட்டைக் கிடக்கிற கதை உன்ரை மனுசனுக்கும் தெரியவரும். உன்ரை மேலிடத்துக்கும் தெரியவரும்."

நான் தேங்காயைப் போட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தேன். மச்சாளோ வாய்விட்டுச் சிரித்தார். "இஞ்சாருங்கோ!" என்று முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "என்ரை கொடி இவரிட்டைக் கிடக்குதாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும். ஏன், அவர் குடுக்கப்போறாரே?" என்றார் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்த அண்ணை.

"மேலிடத்துக்கும் தெரியும், ஐயா," என்றார் மச்சாள். "பெட்டிக் கதைதான் இன்னும் தெரியாது. அதை இப்பவே சொல்லிவிடுறன்." அவர் கைத்தொலைபேசியை எடுத்து விசாரணை செய்த அதிகாரி தந்திருந்த இலக்கத்தை அழுத்துகிறபோதே வட்டிக்காரர் தேத்தண்ணியைத் தொடாமலே ஒழுங்கையில் இறங்கிவிட்டார். அந்தப் பெட்டி வரவேயில்லை.

இன்றைக்கும் மச்சாளின் கடன் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. லீசிங் இன்னும் இருக்கிறது. ஆனால் கொடியை மீட்டாயிற்று. மீட்கப் போன அன்று வட்டிக்காரர் நிமிர்ந்தும் பார்க்கவில்லையாம். அண்ணைதான் சும்மா வராமல், "அண்டைக்குத் தேத்தண்ணியைக் குடியாமல் போட்டியள், இன்னொருக்கா வாங்கோ" என்று வாயாரக் கூப்பிட்டுவிட்டு வந்தார்.