இமை முடி பார்த்தவர்

மனைவி இறந்து ஒரு வாரம் கழித்து, சுவரில் மாட்ட அவளுடைய நல்ல படம் ஒன்று துல்லியத்துக்குத் தேவைப்பட்டது. துல்லியம் என்பது அவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி வங்கியில் மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவர் வீட்டில் படத்துக்கா பஞ்சம்? மனைவி படங்கள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன.

மற்றவர்கள் கேமரா கெட்டுப்போனால் மாற்றுவார்கள். இவர் படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, இமை முடி இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மாற்றுவார். முதலில் லென்ஸ் மேல் சந்தேகம் வரும். புது லென்ஸ் வந்ததும், அதன் தகுதிக்குக் கேமரா போதாது என்று தோன்றும். புதுக் கேமரா வந்து லென்ஸின் குறையைக் காட்டிக்கொடுக்கும். மருமகளுக்குத் தகுந்த மாமியார் தேடி அலைவதைப் போல அலைந்தார். வாடிக்கையாளர்கள் கேட்டதோ, முகத்துப் பள்ளமெல்லாம் தெரியாமல் எடுக்க முடியுமா என்றுதான்.

புதிதாக எது வந்தாலும் சோதனைக்கு மனைவிதான். ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்காரவைத்து, அசையாதே, மூச்சு விடாதே என்பார்.

"மூச்சு விட்டாத்தாங்க நான் பொண்டாட்டி. இல்லேன்னா பொம்மை" என்று அவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் தோள் குலுங்கும், படம் கலங்கும். கலங்கியதை அன்றைக்கே அழித்துவிடுவார். குப்பைக்கு எதற்கு இடம் என்பது அவர் கட்சி.

மகள் வந்து ஒரு மதியம் முழுக்கப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல எதுலயும் அம்மா இல்லப்பா."

அவர் வழக்கம்போல ஒன்றைப் பெரிதாக்கினார். "இமையப் பாரும்மா, ஒவ்வொண்ணும் தனித்தனியா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நாலாயிரம் படத்திலும் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய மெமரி கார்டுகளை எல்லாம் தோண்டிப் பார்த்தார். அழித்தது அழித்ததுதான். தன் வேலையில் அவர் அவ்வளவு சுத்தம்.

கடைசியில் மகளின் போனில் ஒன்று கிடைத்தது. சமையலறை வாசலில் அம்மா எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். எடுத்தவள் கை ஆடி, முகம் இழுபட்டிருந்தது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார். சின்னதாகப் போட்டால் கலங்கல் தெரியாது என்று தொழில் சொன்னது. அவர் கேட்கவில்லை. ஆளுயரத்துக்குப் போட்டு மாட்டினார்.

கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணும் இல்லை, பல்லும் இல்லை, வெறும் நிறத் தீற்றல்கள்.

"தள்ளி நின்னு பாருங்கப்பா" என்றாள் மகள்.

ஓரடி பின்னால் வைத்தார். சிரிப்பு கூடி வந்தது. இன்னொரு அடியில் கண்கள் வந்தன. மூன்றாவது அடியில் முதுகு எதிர்ச் சுவரில் இடித்தது. இன்னும் இரண்டடி கிடைத்தால் தெளிவாகத் தெரிந்துவிடுவாள். அந்த வீட்டில் அதைவிட நீளமான அறை இல்லை.